நிலமும் பொழுதும்

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இடது கையில் திரும்பிச் சிறிது தூரம் போனால் கீழக்குயில்குடி வந்துவிடும். தாமரைக்குளம், வயதான ஆலமரங்கள், அய்யனார் கோயில், எல்லாவற்றுக்கும் பின்னால் மொட்டைப் பாறையாய்ச் சமணர் மலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கும். செட்டிப்புடவுச் சிற்பத்தையும் பேச்சிப்பள்ளத்தையும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் இருட்டுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கால் மணி நேரம் பொறுத்தால் இன்னொன்றையும் பார்த்துவிட்டுப் போகலாம். மேற்கு வானம் கறுக்கத் தொடங்கியதும் பாறை இடுக்கிலிருந்து ஒன்று வரும். பிறகு இரண்டு. பிறகு எண்ணுவதை விட்டுவிடுவீர்கள். சத்தமில்லாமல், தலைக்கு மேலே, வௌவால்கள்.

அவற்றில் ஒரு ஜாதி இலைமூக்கு வௌவால். பத்து கிராம் எடை தேறினால் அதிகம். மூக்கின் மேல் இலை ஒட்டவைத்தது போல ஒரு தோல் மடிப்பு. பகல் முழுவதும் குகையின் உட்புறத்தில் தலைகீழாகத் தொங்கும். அங்கே நண்பகலும் நடுநிசியும் ஒரே இருட்டு. அப்படியானால், வெளியே சூரியன் விழுந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் வௌவாலுக்கு யார் போய்ச் சொன்னார்கள்?

1970களின் நடுவில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த எம்.கே. சந்திரசேகரன் இதைத்தான் கேட்டார். ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் ஆய்வு செய்துவிட்டு வந்தவர். உயிரிகளுக்குள் கடிகாரம் இருக்கிறது என்று சொன்னால் மற்ற விஞ்ஞானிகள் சிரித்த காலத்திலேயே அதைச் செடிகளில் காட்டியவர் பியூனிங். அந்தப் பாரம்பரியத்தோடு வந்தவருக்குப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே ஒரு மலை, மலையில் குகை, குகை நிறைய வௌவால். ஆய்வகத்தைக் கட்டடக்காரர் கட்டவில்லை, இயற்கையே கட்டி வைத்திருந்தது.

அவரும் ஜி. மாரிமுத்துவும் ராஜனும் செய்த சோதனை சிக்கனமானது. ஒரே ஒரு வௌவாலைப் பிடித்து, அது அசைவதைப் பதிவு செய்யும் கூண்டில் விட்டு, குகைக்குள் இருட்டில் வைத்தார்கள். அதற்கு வெளிச்சம் தெரியாது. ஆனால் சுற்றிலும் அதன் சொந்தக்காரர்கள் தினமும் மாலையில் கிளம்பிப் போகிறார்கள், விடிவதற்குள் திரும்புகிறார்கள். கூண்டு வௌவால் நாள் தவறாமல் 24 மணி நேரத் தாளத்தில் அசைந்தது. அடுத்து, வௌவால்களே இல்லாத தனிக் குகையில் அதே ஏற்பாடு. இப்போது தாளம் நிற்கவில்லை, ஆனால் சூரியனோடு கொண்டிருந்த ஒப்பந்தம் போய்விட்டது. நாளுக்கு நாள் நழுவி நழுவித் தன் போக்கில் ஓடியது. 1981இல் வெளியான இந்தக் கட்டுரை சொன்னது இரண்டு விஷயம். கடிகாரம் வௌவாலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முள் திருத்திவிட வெளிச்சம்தான் வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களின் சந்தடியும் போதும்.

1983இல் இன்னொரு கட்டுரை. அதே குகையில் வேறு குடும்பத்து வௌவாலைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சுற்றிலும் இலைமூக்குக்காரர்கள் போய் வந்தாலும் இது கண்டுகொள்ளவில்லை. ஊரே எழுந்தாலும் நம் சாதிசனம் எழுந்தால்தான் எழுவேன் என்கிற கணக்கு.

பல்கலைக்கழக வளாகத்தில் மனிதர்களுக்கும் ஒரு குகை கட்டினார் சந்திரசேகரன். ஜன்னல் இல்லாத, சத்தம் புகாத தனிமை அறை. மியூனிக் அருகே ஆண்டெக்ஸில் யூர்கன் ஆஷாஃப் கட்டியிருந்த பதுங்கறையின் வழியில் வந்தது. கடிகாரம், செய்தித்தாள், ரேடியோ எதுவும் இல்லாமல் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் உள்ளே தனியாக இருந்தார்கள். தோன்றும்போது தூங்கலாம், பசித்தால் சாப்பிடலாம். இத்தகைய அறைகளில் மனிதனின் ‘ஒரு நாள்’ 25 மணி நேரம் வரை நீண்டது. அவரவர் விருப்பத்துக்கு விளக்கைப் போட்டு அணைத்ததும் அந்த நீட்சிக்கு ஒரு காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. 1999இல் ஹார்வர்டில் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி அளந்தபோது, நம் உள்கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊரில், தூக்கத்தை அளக்க ஒரு அறை இருந்தது என்பதை மதுரைக்காரர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

சந்திரசேகரன் 2009இல் காலமானார். குகையில் அவர் கேட்ட கேள்வியை அதற்குள் உலகம் உயிரணுவுக்குள் கொண்டுபோய்விட்டது. அங்கே கிடைத்த விடை நகலெடுக்கும் வேலையைப் பற்றியது.

பத்திரப் பதிவு அலுவலகத்துப் பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மூலப் பத்திரத்தை யாரும் கையில் எடுத்துக்கொண்டு அலைவதில்லை. அது வீட்டுப் பீரோவில் இருக்கும். வெளியே புழங்குவது ஜெராக்ஸ். நம் ஒவ்வோர் உயிரணுவின் கருவிலும் இருக்கும் டிஎன்ஏதான் மூலப் பத்திரம், சுமார் 300 கோடி எழுத்து. அதில் தேவையான பகுதியை மட்டும் ஆர்என்ஏ என்ற மலிவான தாளில் நகலெடுத்து வெளியே அனுப்புகிறது உயிரணு. அந்த நகலைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. இந்த நகலெடுப்புக்குத் தமிழில் படியெடுத்தல் என்று பெயர். ஏடு படியெடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன சொல், அப்படியே பொருந்துகிறது. கல்லீரல் உயிரணுவுக்கும் கண் உயிரணுவுக்கும் பத்திரம் ஒன்றேதான். எந்தப் பக்கத்தை, எத்தனை பிரதி எடுக்கிறார்கள் என்பதில்தான் கல்லீரல் கல்லீரலாகவும் கண் கண்ணாகவும் ஆகிறது.

கடிகாரமும் ஒரு ஜெராக்ஸ் வேலைதான். கிளாக், பிமால்-1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் சிஏசிஜிடிஜி என்று ஆறெழுத்து வரும் இடங்களில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் ‘பெர்’, ‘கிரை’ மரபணுக்களின் நகலெடுப்பு தொடங்கும். நகல்கள் வெளியே போய் பெர், கிரை புரதங்களாகும். அந்தப் புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து மறுபடி கருவுக்குள் நுழைந்து கிளாக் ஜோடியின் கையைப் பிடித்துக்கொள்ளும். நகலெடுப்பு நிற்கும். அதாவது ‘மெஷினை நிறுத்து’ என்ற உத்தரவைத்தான் அந்த மெஷினே இத்தனை நேரமும் நகலெடுத்துக்கொண்டிருந்தது! சில மணி நேரத்தில் பெர், கிரை சிதைந்துபோகும். பிடித்த கை விடும். மெஷின் மறுபடி ஓடும். இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம். பழ ஈயில் ‘பீரியட்’ மரபணுவை 1971இல் சீமோர் பென்சரும் ரொனால்ட் கொனோப்காவும் அடையாளம் கண்டார்கள். அந்த வழியில் மேலே போன ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் கிடைத்தது. பென்சரும் கொனோப்காவும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கிளாக் ஜோடி உட்காரும் அந்த ஆறெழுத்து இடம் பெர், கிரைக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. பத்திரம் முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கிறது. அப்படியானால் கடிகாரம் வேறு எந்தெந்த மரபணுக்களின் நகலெடுப்பைத் தன் தாளத்துக்கு ஆட்டுவிக்கிறது? இதற்கு ஒரு மரபணுவைப் பார்த்தால் போதாது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வரைபடம் வேண்டும்.

பாலூட்டிகளின் நகலெடுப்பு வரைபடம் என்றதும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜப்பானின் ரைக்கன் ஆய்வு நிறுவனத்து ஃபேன்டம் திட்டம். யோஷிஹிடே ஹயாஷிசாகி தொடங்கியது. பியரோ கார்னின்சி அதன் முக்கியத் தொழில்நுட்பக்காரர். அவர்கள் பிடித்த சூட்சுமம் இது. முழு ஆர்என்ஏ நகல் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரசாயனத் தொப்பி இருக்கும். தொப்பியைப் பிடித்து இழுத்து, அதற்கு அடுத்த சில எழுத்துகளை மட்டும் படித்தால் போதும், மூலப் பத்திரத்தில் எந்த எழுத்திலிருந்து நகலெடுக்கத் தொடங்கினார்கள் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். 2005இல் அவர்கள் வெளியிட்ட எலியின் வரைபடம் பலரைத் தூக்கிவாரிப் போட்டது. புரதத்துக்கான செய்தி இருப்பது பத்திரத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தில்தான். ஆனால் எங்காவது எப்போதாவது நகலெடுக்கப்படும் பகுதியோ 60 சதவீதத்துக்கும் மேல். ‘குப்பை’ என்று தள்ளியிருந்த பக்கங்களையும் உயிரணு விடாமல் ஜெராக்ஸ் எடுக்கிறது. அதில் எவ்வளவுக்கு உபயோகம் இருக்கிறது, எவ்வளவு மெஷின் ஓடுகிற வேகத்தில் விழுந்த வெற்றுத்தாள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பெரும்பகுதி வெற்றுத்தாள்தான் என்ற கட்சியில் நான் இருக்கிறேன். 2014இல் அவர்கள் மனிதரிடமிருந்து 975 மாதிரிகள், எலியிடமிருந்து 399 மாதிரிகள் எடுத்து, எந்த உயிரணுவில் எந்த மரபணு எந்த வாசல் வழியாக நகலாகிறது என்று ஓர் அட்டவணையே போட்டுவிட்டார்கள்.

பிரமாதமான வேலைதான். ஆனால் அது இடத்தின் வரைபடம். எந்த உறுப்பு என்று சொல்லும், எத்தனை மணிக்கு என்று சொல்லாது.

நம் தொல்காப்பியர் இதை விட்டிருக்க மாட்டார். அவருக்கு முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது. குறிஞ்சி என்றால் யாமம், முல்லை என்றால் மாலை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய சிறுபொழுது உண்டு. பொழுதைக் கழித்துவிட்டு நிலத்தை மட்டும் சொன்னால் திணை முழுமையாகாது. அவர் பேசியது கவிதையைப் பற்றி, உயிரணுவைப் பற்றி அல்ல. எல்லாம் அன்றே இருந்தது என்று பேசும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். ஆனால் வரைபடம் போடுகிறவர்களுக்கு இது நல்ல இலக்கணம்.

பொழுதையும் சேர்த்து வரைவதற்குப் பொறுமை வேண்டும். எலிகளைச் சில நாள் விளக்குப் போட்டு அணைத்துப் பழக்கி, பிறகு முழு இருட்டில் விட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை சில எலிகளின் உறுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த நகல் எத்தனை என்று எண்ண வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எண்ண வேண்டியதை இரண்டு மணிக்கே எடுத்தாக வேண்டும். மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், கொட்டாவி விட்டபடி, ஆராய்ச்சி மாணவர்கள் செய்யும் வேலை அது. அடுத்தவர் கடிகாரத்தைப் படிக்கத் தன் கடிகாரத்தைக் கெடுத்துக்கொள்வது.

2002இல் வந்த முதல் படங்களில் ஒன்று, எலியின் கல்லீரலையும் இதயத்தையும் ஒப்பிட்டது. இரண்டிலும் தலா 8 முதல் 10 சதவீத மரபணுக்கள் நாள் தாளத்தில் ஏறி இறங்கின. ஆனால் அங்கே ஏறி இறங்கியவை வேறு, இங்கே ஏறி இறங்கியவை வேறு. கடிகாரம் ஒன்று, அது அடிக்கும் மணி உறுப்புக்கு உறுப்பு வேறு. 2014இல் பென்சில்வேனியாவில் ஜான் ஹோகெனெஷ் குழுவினர் 12 உறுப்புகளுக்குப் போட்டார்கள். புரதம் தரும் மரபணுக்களில் 43 சதவீதம், ஏதேனும் ஓர் உறுப்பிலாவது பொழுது பார்த்து நகலாகின்றன. முதலிடம் கல்லீரலுக்கு. கடைசி இடம் யாருக்குத் தெரியுமா? உடம்பின் தலைமைக் கடிகாரம் குடியிருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதிக்கு, வெறும் 3 சதவீதம். ஊருக்கெல்லாம் மணியடிக்கிற கோபுரத்துக்குக் கீழே இருப்பவர் அசையாமல் இருக்கிறார். பல உறுப்புகளில் நகலெடுப்பு விடியலுக்குச் சற்று முன்பும் பொழுது சாய்வதற்குச் சற்று முன்பும் அலைமோதுகிறது, நம் பெரியார் பஸ் நிலையம் போல.

எலி இரவில் நடமாடுவது. நமக்கு நெருக்கமான, பகலில் நடமாடும் ஒன்று வேண்டும் என்றார் ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் இருக்கும் சச்சிதானந்த பாண்டா. அவருடைய குழு 2018இல் பபூன் குரங்குகளில் 64 திசுக்களுக்குப் போட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குரங்கு, ஆக 12 குரங்கு, 768 மாதிரி. புரதம் தரும் மரபணுக்களில் 80 சதவீதத்துக்கு மேல் எங்காவது ஓரிடத்தில் தாளம் போட்டன. அங்கேயும் காலையில் ஒரு நெரிசல், பிற்பகல் முடியும்போது ஒரு நெரிசல். இந்த எண்ணை நான் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஒரு பொழுதுக்கு ஒரே குரங்கு, ஒரே ஒரு நாள். குரங்குக்குக் குரங்கு இருக்கும் வித்தியாசமும் தாளம் போலத் தெரியக்கூடும். ஆனாலும் 12 குரங்குகளுக்கு மேல் கேட்கவும் மனசு வரவில்லை.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இதுவரை எண்ணியது எதை? தரையில் கிடந்த ஜெராக்ஸ் தாள்களை. மெஷினை அல்ல. காலையில் தாள் அதிகம் கிடந்தால், மெஷின் காலையில் வேகமாக ஓடியது என்று அர்த்தமா, கூட்டுகிறவர் காலையில் வரவில்லை என்று அர்த்தமா? இரண்டும் நடக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க 2012இல் ஜோசப் தகஹாஷி குழு ஒரு வழி கண்டது. மெஷினிலிருந்து வரும் புத்தம் புது நகலில், பிற்பாடு வெட்டி எறியப்படும் துண்டுகள் இருக்கும். இன்ட்ரான் என்று பெயர். இன்ட்ரான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் தாள் என்றால், சூடு ஆறாத தாள். எலியின் கல்லீரலில் சூடான தாள்களை மட்டும் எண்ணினார்கள். நாள் தாளம் காட்டிய மரபணுக்களில் 22 சதவீதத்தில்தான் நகலெடுப்பே தாளத்தில் நடந்தது. மீதி? நகல் எவ்வளவு நேரம் நிலைக்கிறது, எப்போது சிதைக்கப்படுகிறது என்பதில் தாளம். இந்த 22 என்ற எண் தெரியாமல், 43, 80 என்ற எண்களை மேடையில் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

சமணர் மலை வௌவாலுக்கு முள் திருத்திவிட வெளிச்சம் மட்டும்தான் என்பதில்லை என்று பார்த்தோம். கல்லீரலுக்கும் அப்படித்தான். மூளையில் இருக்கும் தலைமைக் கடிகாரம் கண் வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்து முள் திருத்திக்கொள்ளும். கல்லீரலோ சாப்பாட்டைப் பார்க்கிறது. ஜெனீவாவில் உவேலி ஷிப்லர் குழு 2000இல் எலிகளுக்குத் தூங்கவேண்டிய நேரத்தில் மட்டும் தீனி வைத்தது. சில நாளில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழானது. மூளைக் கடிகாரம் அசையவில்லை. ஒரே உடம்பில் இரண்டு ஊர் நேரம். இதைப் படித்த பிறகு நடுநிசியில் கறிதோசைக் கல் முன்னால் நிற்கும்போது எனக்கு லேசாகக் கை நடுங்குகிறது. சாப்பிடாமல் வந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விருப்பத்துக்கு விழித்திருப்பவர்கள் பரவாயில்லை. மில்லில் மூன்றாவது ஷிப்டு பார்க்கிறவர்களும் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்சம்மாக்களும் விருப்பத்துக்கு விழித்திருக்கவில்லை. 2014இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 22 பேரை, 28 மணி நேரம் ஒரு நாள் என்று வைத்து வாழச் செய்தார்கள். தூக்கம் உள்கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் போனபோது ரத்தத்தில் எண்ணினார்கள். நேராகத் தூங்கியபோது 6.4 சதவீத மரபணு நகல்கள் தாளத்தில் இருந்தன. மாறித் தூங்கியபோது 1 சதவீதம். இரவு ஷிப்டு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி பரிசீலித்தும் எடுக்கவில்லை.

மனிதனின் கல்லீரலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெட்டிப் பார்க்க முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் படங்கள் கலைந்துபோய்விட்டன, பின்னால் நேரமும் எழுதவில்லை என்று வையுங்கள். மாலை வாடியிருப்பது, பந்தியில் இலை விழுந்திருப்பது இவற்றை வைத்து எது முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்திவிடலாம் இல்லையா? நேரம் குறிக்காமல் சேகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதத் திசு மாதிரிகளை, கடிகார மரபணுக்களின் அளவை வைத்துக் கணினி அப்படி வரிசைப்படுத்துகிறது. 2018இல் 632 பேரின் 13 திசுக்களை இவ்வாறு அடுக்கிப் பார்த்தபோது, மனிதர்களிலும் ஏறக்குறைய பாதி மரபணுக்கள் பொழுது பார்க்கின்றன என்று தெரிந்தது. இந்த மரபணுக்களின் புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகள் ஏராளம். எலிப் படம் வந்தபோதே கணக்குப் பார்த்தார்கள்: அமெரிக்காவில் அதிகம் விற்கும் 100 மருந்துகளில் 56, ஏதோ ஓர் உறுப்பில் பொழுது பார்க்கும் மரபணுவின் புரதத்தைத்தான் தாக்குகின்றன. கொழுப்புக்குக் கொடுக்கும் சிம்வாஸ்டாடினை இரவில் போடச் சொல்வது இதனால்தான். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வேலை இரவில் உச்சத்துக்குப் போகிறது, அந்த மாத்திரையோ உடம்பில் சில மணி நேரம்தான் நிற்கும். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். ‘எத்தனை மணிக்கு’ என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று. அடுத்த தடவை ரத்தம் கொடுத்துவிட்டு லேப் ரிப்போர்ட்டை வாங்கும்போது, பெயரையும் வயதையும் சரிபார்ப்பது போல, ரத்தம் எடுத்த நேரம் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பேனாவை வாங்கி நீங்களே எழுதிவிடுங்கள்.